"உரிமை: பதிப்பகத்தார்க்கு" என்று அச்சிட்டுவிட்டால் கதைகள் பறிபோய்விடுமா?

கேள்வி: கும்பகோணத்தை அடுத்த எங்கள் எழுத்தாளர் வட்டத்தைச் சேர்ந்த ஆறு பேரின் நூல்கள் இந்த ஆண்டு ஒரே பதிப்பகத்தின் வழியாக வெளிவந்தன. என் சிறுகதைத் தொகுப்பும் அவற்றுள் ஒன்று. அச்சுச் செலவுக்காக 38,000 ரூபாயும், ஐ.எஸ்.பி.என். எனப்படும் நூல் அடையாள எண்ணுக்காகத் தனியே 3,500 ரூபாயும் கொடுத்தேன். வெளியீட்டு விழா முடிந்து வீட்டுக்கு வந்து புரட்டியபோதுதான், உள்பக்கத்தில் "உரிமை: பதிப்பகத்தார்க்கு" என்றிருப்பதைக் கண்டேன். நான் எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிடவில்லை. நண்பர் ஒருவர் மட்டும் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் கையொப்பமிட்டிருக்கிறார். என் கதைகளை இனி வேறு பதிப்பகத்துக்குத் தர முடியாதா? அவற்றில் பாதி இதழ்களில் வந்தவை.

பதில்: தாராளமாகத் தரலாம். உங்கள் கதைகளின் உரிமை இன்றும் உங்களிடமே இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதியவரே முதல் உரிமையாளர். அந்த உரிமை இன்னொருவருக்குப் போக வேண்டுமானால், எழுதியவர் கையொப்பமிட்ட எழுத்து வடிவ ஆவணம் இருந்தாக வேண்டும். உள்பக்கத்தில் பதிப்பாளர் தாமாக அச்சிட்டுக்கொண்ட ஒரு வரி அத்தகைய ஆவணம் ஆகாது. பணம் பெற்றதற்கு அவர் தந்த ரசீதும், மெய்ப்புத் திருத்தி நீங்கள் ஒப்புதல் எழுதிய தாளும்கூட உரிமை மாற்ற ஆவணங்கள் அல்ல. உங்கள் இசைவோடு அச்சடித்த படிகளை விற்றுத் தீர்க்க மட்டும் அவரை விட்டுவிடுங்கள். அடுத்த பதிப்புக்கு உங்கள் அனுமதி தேவை.

ஆனால், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடக் கூடாது. பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகை கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்புங்கள். உரிமை ஆசிரியருடையது என்பதையும், உள்பக்க வரி உங்கள் சம்மதமின்றி அச்சானது என்பதையும் அதில் குறிப்பிட்டு, எத்தனை படிகள் அச்சாயின, எத்தனை விற்றன, கையிருப்பு எவ்வளவு என்ற கணக்கைக் கேளுங்கள். மீதமுள்ள படிகளில் "உரிமை: ஆசிரியருக்கு" என்று ஒரு சீட்டு அடித்து ஒட்டச் சொல்லுங்கள். பக்க வடிவமைப்புக் கோப்பையும் இப்போதே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. அது கையில் இல்லாததால் தம்முடைய நூலையே மறுபடி தட்டச்சு செய்ய நேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அட்டை ஓவியம் வரைந்தவரின் உரிமை தனி. வேறு பதிப்பகத்துக்குப் போகும்போது அவரைக் கேளுங்கள்.

இதழில் வந்த கதை இதழுக்கே சொந்தம் என்ற தவறான எண்ணம் நம் எழுத்தாளர்களிடம் வேரோடியிருப்பதால், இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து நீங்கள் அனுப்பி, ஆசிரியர் குழு தேர்ந்தெடுத்து வெளியிட்ட கதை உங்களுடையது. சன்மானம் வாங்கியதால் அது கைமாறிவிடுவதில்லை. விலக்கு ஒன்று உண்டு. ஒருவர் ஓர் இதழில் ஊழியராக இருந்து, அந்த வேலையின் பகுதியாக, அந்த இதழில் வெளியிடுவதற்கென்றே கதை எழுதினால், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில், நாளிதழிலோ வார, மாத இதழிலோ அதை வெளியிடும் உரிமை இதழின் உரிமையாளருக்குப் போகும். அப்போதுகூட அந்த அளவுக்கு மட்டுமே போகும். அதே கதையை நூலாக்கும் உரிமையும் திரைப்படமாக்கும் உரிமையும் எழுதிய ஊழியரிடமே நிற்கும். அதாவது, மாதச் சம்பளம் வாங்கிய உதவி ஆசிரியருக்கே தம் கதையை நூலாகப் போடும் உரிமை இருக்கும்போது, தபால்தலை ஒட்டிக் கதை அனுப்பிய உங்களுக்கு ஏன் இந்த அச்சம்? ஒரே படைப்பின் உரிமைகளைப் பிரித்துத் தரலாம் என்பது நமக்குப் புதிதும் அன்று. பாரதி பாடல்களின் இசைத்தட்டு உரிமை நூல் உரிமையிலிருந்து பிரிந்து ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்த கதையை நாம் அறிவோம்.

அந்த 3,500 ரூபாய்க்கு வருகிறேன். ஐ.எஸ்.பி.என். எண்ணை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றித் தருகிறது. நூலாசிரியரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தை நிரப்பும் வேலைக்கு ஒருவர் கூலி கேட்பது வேறு. எண்ணுக்கே விலை என்று சொல்லி வாங்குவது வேறு. அந்தப் பதின்மூன்று இலக்கங்கள் நூலை அடையாளம் காட்டுபவையே தவிர, உரிமைப் பத்திரம் அல்ல. "எண் எங்கள் பெயரில் இருக்கிறது, ஆகவே நூல் எங்களுடையது" என்று பதிப்பாளர் மிரட்டினால் பொருட்படுத்தாதீர்கள். வேறு பதிப்பகம் வெளியிடும்போது புதிய எண் பெற்றுக்கொள்ளும், அவ்வளவுதான்.

அடுத்து உங்கள் வட்டத்தைத் தேடி வரப்போகிறவர் நூலக ஆணை, அதாவது அரசுப் பொது நூலகங்களுக்கு நூல் வாங்குவதற்கான ஆணை, வாங்கித் தரும் தரகர். நூலகத் துறையில் ஆளைத் தெரியும், முன்பணம் கொடுத்தால் போதும் என்பார். ஒரு காசும் கொடுக்காதீர்கள். இந்தத் தரகர்களை வளர்த்துவிட்டது நம் நடைமுறைதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டுவரியோடு நாம் நூலக வரி கட்டுகிறோம். ஆனால் நூல் தேர்வாயிற்றா, பணம் எப்போது வரும் என்பதை அறியச் சிறு பதிப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலங்களைக் கண்கூடாகப் பார்த்தவன் நான். மறுபுறம், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் படி அனுப்ப வேண்டியது பதிப்பாளரின் கடமை. தவறினால் நூலின் விலையோடு அதிகபட்சம் ஐம்பது ரூபாய் தண்டம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஒரு சாப்பாட்டுக்கும் போதாத தண்டத்துக்கு யார் அஞ்சுவார்? உங்கள் ஆறு நூல்களும் கன்னிமாராவுக்குப் போயினவா என்று கேளுங்கள். அனுப்பிய சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

முத்திரைத்தாளில் கையொப்பமிட்ட நண்பரின் நிலை வேறு. முத்திரைத்தாளின் மதிப்பு இங்கே பொருட்டல்ல. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதே கேள்வி. காலவரை குறிப்பிடாமல் விட்டிருந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே உரிமை மாறியதாகச் சட்டம் கொள்ளும். நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். "நிரந்தரமாக", "எல்லா வடிவங்களிலும்" போன்ற சொற்கள் இருந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். அவரிடம் அந்தத் தாளின் நகல்கூட இல்லாமல் இருக்கக்கூடும். இத்தகைய பதிப்பாளர்கள் பெரும்பாலும் ஒரு படியில்தான் கையொப்பம் வாங்குகிறார்கள். முதலில் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நகல் வரும்வரை வேறு எந்தத் தாளிலும் அவர் கையொப்பமிட வேண்டாம்.