படகு எஞ்சினைப் பனிக்காலத்துக்குத் தயார் செய்வது என்றால் என்ன? ஊட்டியில் அது தேவையா?

தேவைதான். சில மாதம் ஓட்டாமல் வைக்கப்போகும் எஞ்சினில் தேங்கிய தண்ணீரை வடித்து, துருப்பிடிக்காமல் காப்பதுதான் இந்த வேலை.

படகு எஞ்சின் ஏரித் தண்ணீரையே உறிஞ்சிச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். நிரம்பிய கண்ணாடி பாட்டில் ஃப்ரீசரில் வெடிக்கிறதே, அதேதான். தலைக்குந்தா, பைக்காரா பக்கம் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெளுக்க உறைபனி விழும். ஆனால் என் கணக்கில், நம் மலையில் அதைவிடப் பெரிய எதிரி ஈரம்.

நல்ல தண்ணீர் விட்டு ஓட்டி, சேறும் பாசியும் போகக் கழுவுங்கள். தண்ணீர் இல்லாமல் மட்டும் ஓட்டவே வேண்டாம், பம்பின் ரப்பர் கருகிவிடும். அப்புறம் கியர் ஆயிலை மாற்றுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். கியர் பெட்டியின் கீழ்த் திருகைக் கழற்றியதும் வடியும் ஆயில் வெளுத்துக் கலங்கியிருந்தால், தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சீலை மாற்றாமல் புது ஆயில் ஊற்றிப் பயனில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அதனால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள். பேட்டரியை முழுச் சார்ஜில் வீட்டுக்குள் வையுங்கள்.

பின்னால் மாட்டும் எஞ்சினைத் தூக்கிச் சாய்த்து வைப்பதுதான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். சாய்த்தால் தண்ணீர் உள்ளேயே நின்றுவிடும், நேராக நிறுத்தினால்தான் வடியும்.