காலண்டரில் இருக்கிறது கணக்கு

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். ஷிப்டுக்கு 600 ரூபாய் கூலி. வருகைப்பதிவைக் கைரேகை இயந்திரத்துக்கு மாற்றியபோது, ஆறு வாரங்களில் நான் பார்த்த 22 அரை ஷிப்டுகள் கணக்கில் ஏறவில்லை. 6,600 ரூபாய் நிற்கிறது. கேட்டால், 'பதிவில் இல்லையே' என்கிறார்கள். முதலாளி எங்கள் ஊர்க்காரர். அழுத்திக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. வீட்டில் வேலை குறைவு என்று சொல்லிச் சமாளிக்கிறேன். நான் எத்தனை மணிக்கு வந்தாலும் காலண்டரில் குறித்துவிட்டுத்தான் என் மனைவி படுப்பாள். அவளுக்கு எதற்கு வீண் கவலை? என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், அவிநாசி

பதில்: தம்பி, காலண்டரைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

இரவு ஒன்பதரைக்குச் சோறு போட்டுவிட்டு, தேதிக்குக் கீழே '1½' என்று எழுதுகிறவளிடமா வேலை குறைவு என்று சொன்னீர்கள்? கட்டம் கட்டமாக எழுதியவளுக்குக் கூட்டத் தெரியாதா? இயந்திரக் கோளாறு என்று அவளுக்கு ஜோசியமா தெரியும்? குடித்தீர்களோ, சீட்டாடினீர்களோ, யாருக்காவது தூக்கிக் கொடுத்தீர்களோ என்றுதான் மனது ஓடும். இத்தனை நாள் வாய் திறந்து கேட்காமல் இருக்கிறாளே, அது அவளுடைய பெருந்தன்மை. சம்பாதிப்பது ஒருவர் என்றாலும் கூலி வீட்டுக்குச் சொந்தம். சனிக்கிழமைக் கவர் குறைந்தால் காரணம் அன்றைக்கே வீட்டுக்குத் தெரிய வேண்டும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

இன்றிரவே சொல்லுங்கள். பிறகு இருவருமாக உட்கார்ந்து, காலண்டரைப் பார்த்து 22 தேதிகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு படி வேண்டும். ஒன்றைக் கணக்குப் பிரிவில் கொடுத்து, மற்றதில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். சனிக்கிழமை மாலை போகாதீர்கள். பட்டுவாடா நேரத்தில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். 'பதிவில் இல்லை' என்றால், அந்த இரவுகளில் உங்களுக்குக் கைமடித்த, அதாவது பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுத்த பெண்ணுக்குக் கூலி ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஓட்ட ஆளில்லாத மிஷினுக்கா அவள் கைமடித்தாள்?

ஊர்க்காரராம்! பஞ்சப்படிக்காக 1984-இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. அன்றைக்கு நின்றவர்களில் எத்தனையோ பேருக்கு முதலாளி ஊர்க்காரர்தான். நீங்கள் கேட்பது கடனும் அல்ல, தர்மமும் அல்ல. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று சட்டம் சொல்கிறது. நீங்களோ அரை ஷிப்டுக்கு அரைக்கூலிதான் கேட்கிறீர்கள். இழுத்தடித்தால் இதையும் நினைவூட்டலாம்.

பதினைந்து நாளில் வழி பிறக்காவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பனியன் தொழிற்சங்கத்தில் எழுதித் தருவார்கள். கூலி பாக்கிக்கு மனுக் கொடுக்க 1936-ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் 12 மாதமாக இருந்த கெடு, 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பில் 3 ஆண்டாகியிருக்கிறது. அதை நம்பி ஆறப் போடாதீர்கள். இப்போது இருக்கும் கணக்காளர் தீபாவளிக்குப் பின் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். காலண்டரும் தை பிறந்தால் பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விடும்.

காலண்டரைக் காட்டுங்கள், கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். முடிந்தால் அவளையும் கூட்டிப் போங்கள். எந்தத் தேதி என்று கேட்டால், உங்களைவிட அவள் விரைவாகச் சொல்வாள்.