படம் இயக்க ஆசைப்படுகிறவர் வீட்டில் படம் பார்த்தால் போதுமா, தியேட்டருக்குப் போகத்தான் வேண்டுமா?

இரண்டும் வேண்டும். ஆனால் முதல் தடவை கண்டிப்பாகத் தியேட்டரில்தான். திரையை மட்டும் பார்க்காதீர்கள், அரங்கத்தையும் கவனியுங்கள். எந்த இடத்தில் சிரிப்பு ஒரு நொடி தள்ளி வருகிறது, எப்போது செல்போன் வெளிச்சம் எட்டிப் பார்க்கிறது, இடைவேளைக்கு எழுந்தவர்கள் படத்தைப் பற்றிப் பேசுகிறார்களா, பாப்கார்னைப் பற்றியா? திரைக்கதை எங்கே தொய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித் தர முடியாது. பின்னாலிருந்து வரும் ஒலியும் டிவி ஸ்பீக்கரில் கிடைக்காது.

அப்புறம் வீட்டில் அதே படத்தைப் பிரித்துப் பாருங்கள். மகேந்திரன் இயக்கிய 'முள்ளும் மலரும்' (1978) படத்தின் இறுதிக்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கை அண்ணனிடம் திரும்பி ஓடிவரும் இடத்தை முதலில் ஒலியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். ஷாட் மாறும்போதெல்லாம் நிறுத்தி, யார் முகம், எவ்வளவு நேரம் என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு படத்தைப் பார்க்காமல் இளையராஜாவின் இசையை மட்டும் கேளுங்கள். ஒரே காட்சிக்கு ஒரு மாலை முழுக்கப் போகும், போகட்டும்.

டிக்கெட்டுக்குக் காசு இல்லையா? ஊரில் திரைப்படச் சங்கம் (நல்ல படங்களைத் திரையிட்டுச் சேர்ந்து பார்க்கும் ரசிகர் குழு) இருந்தால் சேர்ந்துவிடுங்கள். செல்போனில் பார்ப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.