சிஸ்டரைக் கேளுங்கள்: வார்டில் கடைசி ஆளுக்கும் தலைமை உண்டா?

மதுரை வட்டாரத்தில் 34 ஆண்டுகள் பணியாற்றி, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

உசிலம்பட்டியிலிருந்து, நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி: சர்வாதிகாரத் தலைமை, ஜனநாயகத் தலைமை, கண்டுகொள்ளாத தலைமை என்று மனப்பாடம் செய்கிறோம். வார்டுக்குப் போனால் பெட்ஷீட் மாற்றுவதும் பி.பி. பார்ப்பதும்தான் எங்கள் வேலை. எங்களுக்குக் கீழே ஆளே இல்லை. இந்தப் பாடம் எங்களுக்கு எதற்கு, சிஸ்டர்?

அந்த மூன்று வகையும் உளவியலாளர் குர்ட் லெவினும் அவரோடு இருந்தவர்களும் சிறுவர் குழுக்களை வைத்துச் செய்து 1939-ல் வெளியிட்ட ஆய்வில் வந்தவை. பரீட்சைக்குப் படித்துக்கொள், மகளே. வார்டுக்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

நானும் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் வார்டில் நைட் டூட்டி. பேரையூர்ப் பக்கத்து அப்பத்தா ஒருவர் காய்ச்சல் என்று சேர்ந்திருந்தார். சாயங்காலம் வரை பேத்தியை அதட்டிக்கொண்டு, சுருக்குப் பையை ஒருத்தரையும் தொடவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர். இரவு 11 மணிக்குப் போனபோது "மேலுக்கு முடியல தாயி" என்றார். பி.பி. சரியாக இருந்தது. கேஸ் ஷீட்டில் மூச்சு 20 என்று மூன்று வேளையும் எழுதியிருந்தது. பக்கத்து பெட்டுக்கும் 20, அதற்கடுத்த பெட்டுக்கும் 20. யாரும் எண்ணவில்லை.

அப்பத்தா "மேலுக்கு" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்கி, அப்புறம்தான் "முடியல" என்றார். சுருக்குப் பை கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடந்தது. அதை அவர் தேடவே இல்லை. நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினேன். 32. பெரியவர்களுக்கு 12-லிருந்து 20-க்குள் இருக்க வேண்டும்.

டியூட்டி டாக்டரிடம் ஓடி, "சார், 7-ம் பெட் பாட்டிக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றேன். "வர்றேன், போம்மா" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நேரம் அவர் முன்னால் பாம்பு கடித்த பையன் கிடந்தான். சீனியர் அக்காதான் என்னைப் பிடித்து நிறுத்தி, "ஒரு மாதிரின்னா அவருக்கு என்ன புரியும்? பார்த்ததைச் சொல்லு, என்ன வேணும்னு கேளு" என்றார். திரும்பிப் போய்ச் சொன்னேன்: "7-ம் பெட், மூச்சு 32. மூணு நாளாக் காய்ச்சல், சாயங்காலம் வரைக்கும் நல்லாப் பேசினாங்க. இப்ப ஆள் சோர்ந்துட்டாங்க, நெஞ்சுல சளி கட்டின மாதிரி தெரியுது. நீங்க இப்பவே வந்து பார்க்கணும் சார்." உடனே எழுந்து வந்தார். நிமோனியா. ஆக்சிஜன் வைத்து, ஊசி மருந்தை மாற்றினார்கள். ஒன்பதாம் நாள் அப்பத்தா சுருக்குப் பையோடு பஸ் ஏறினார்.

இதையே இப்போது எஸ்பார் என்று சொல்லித் தருகிறார்கள்: நிலைமை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு வேண்டியது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறை. அன்றைக்கு அந்த வார்டில் எனக்குக் கீழேயும் ஆள் இல்லை, மகளே. ஆனாலும் என் வார்த்தையை நம்பி ஒரு டாக்டர் எழுந்து வந்தார். நான் எண்ணியிருந்தேன், அதனால் நம்பினார். மூச்சு முதலில் ஏறும், பி.பி. பெரும்பாலும் கடைசியில்தான் விழும். அதனால் நாளைக்கு டூட்டிக்குப் போனதும் எண்ணிப் பார்க்காமல் 20 என்று எழுதாதே.

வாடிப்பட்டியிலிருந்து, மூன்றாம் ஆண்டு மாணவி: சரியான ஆள், மருந்து, அளவு, வழி, நேரம் என்று ஐந்தையும் சொல்லிக்கொண்டேதான் மருந்து கொடுக்கப் போகிறேன். அப்படியும் தப்பு செய்துவிடுவேனோ என்று கை நடுங்குகிறது.

அந்தப் பயம் கொஞ்சம் இருக்கட்டும். நான் தப்பு செய்த இடத்தைக் காட்டுகிறேன்: இன்சுலின். நம் ஊரில் 1 மி.லி.க்கு 40 யூனிட், 1 மி.லி.க்கு 100 யூனிட் என்று இரண்டு பலத்தில் வருகிறது. சிரிஞ்சும் தனித்தனி. 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 20 யூனிட் போட வேண்டிய ஒரு ஐயாவுக்கு, 40 பலம் உள்ள மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்துப் போட்டுவிட்டேன். உள்ளே போனது 8 யூனிட்தான். இதுவே மாறி, 100 பலம் உள்ளதைச் சிவப்பு மூடியில் இழுத்திருந்தால் 50 யூனிட் போயிருக்கும். சர்க்கரை அடியோடு இறங்கி, ஆள் நினைவு தப்பியிருப்பார்.

காலி சிரிஞ்சைக் குப்பையில் போடும்போதுதான் மூடி கண்ணில் பட்டது. வயிறு கலங்கிவிட்டது. ஐயாவைப் பார்த்தேன், சர்க்கரை குத்திப் பார்த்தேன், இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய் அப்படியே சொன்னேன். திட்டினார். டாக்டருக்குச் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதவைத்தார். ஐயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மறுநாள் "20 யூனிட்டுக்குச் சர்க்கரை குறையலையே" என்று டாக்டர் அளவை ஏற்றியிருப்பார். அந்தக் கூடின அளவை அடுத்த ஷிப்ட் பெண் சரியான சிரிஞ்சில் போட்டிருப்பாள். நீ தப்பு செய்தால் அந்த நிமிஷமே சொல்லிவிடு. திட்டு வாங்கிக்கொள், பரவாயில்லை.

திருமங்கலத்திலிருந்து, புதிதாக வார்டு பொறுப்பேற்ற ஸ்டாஃப் நர்ஸ்: வார்டில் உதவி வேலை பார்க்கும் அக்காமார் இருவருக்கும் என் அம்மா வயது. வேலை சொல்ல நா எழவில்லை. நானே எல்லாவற்றையும் செய்துவிட்டு, கடைசியில் சார்ட் எழுத நேரமில்லாமல் போகிறது.

"அக்கா, கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் பல வருஷம் அதைத்தான் சொன்னேன். அது மரியாதை, சரி. ஆனால் அந்த அக்காவுக்கு என்ன வேலை என்று அதில் தெரியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அக்கா, 6-ம் பெட் ஐயாவை ரெண்டு மணிக்கு இடது பக்கம், நாலு மணிக்கு வலது பக்கம் திருப்பணும். கூப்பிடுங்க, நான் வந்து கூடப் பிடிக்கிறேன். இழுக்காம தூக்கித் திருப்புவோம். இடுப்புக்குக் கீழ தோல் நிறம் மாறியிருந்தா, தொட்டா சூடா இருந்தா என்கிட்ட சொல்லுங்க." அப்புறம், சொன்னதை அவர் வாயால் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து நேரத்துக்குப் போய் நில்லுங்கள்.

படுக்கைப் புண்ணுக்குத் தோல் சிவக்கும் என்றுதான் புத்தகத்தில் இருக்கும். நம் நிறத்தில் சிவப்பு லேசில் தெரியாது. சுற்றியுள்ள தோலோடு ஒப்பிட்டு, சூடு, கெட்டித்தன்மை, வலி இருக்கிறதா என்று கை வைத்துப் பாருங்கள். இதை நீங்களே செய்ய வேண்டும். ஊசியும் மருந்தும், புதிதாக வந்த நோயாளியை முதலில் மதிப்பிடுவதும் அப்படித்தான். துணைக்கு ஆள் இருக்கிறார்களே என்று அவற்றைக் கைமாற்றிவிடாதீர்கள். 30 வருஷமாக ஐயாக்களையும் அப்பத்தாக்களையும் தூக்கித் திருப்பியவர்கள் அந்த அக்காமார். எப்படித் தூக்கினால் வலிக்காது என்று அவர்களிடம் கேளுங்கள். நான் அப்படிக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

மேலூரிலிருந்து ஒரு மாணவர்: பெண் நோயாளிகள் என்னைக் கண்டதும் சேலையை இழுத்து மூடிக்கொள்கிறார்கள்.

தம்பி, அது அவர்கள் கூச்சம், உன்மேல் வெறுப்பில்லை. பெயரைச் சொல்லு, என்ன செய்யப் போகிறாய் என்று சொல்லு, "பார்க்கலாமா ஆத்தா?" என்று கேள். திரையை இழுத்துவிடு, ஒரு சிஸ்டரைக் கூட வைத்துக்கொள். வேண்டாம் என்றால் சிஸ்டர் பார்க்கட்டும், நீ வற்புறுத்தாதே.

எழுமலையிலிருந்து, முதலாம் ஆண்டு மாணவி: தமிழ் வழியில் படித்தவள் நான். இங்கிலீஷ் வரவில்லை. நல்ல நர்ஸ் ஆக முடியுமா?

முடியும். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து, கண் பரிசோதனையிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் உதவி வரை நம்பி ஒப்படைத்தார்கள். மருந்துப் பெயரும் கேஸ் ஷீட்டும் இங்கிலீஷில் இருப்பதால் நீ அதைப் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் "கிறுகிறுன்னு வருது", "தண்ணி தவிக்குது" என்று நோயாளி சொல்லும்போது உனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. 40 பக்க நோட்டு ஒன்று வாங்கு. இடது பக்கம் அவர்கள் சொன்ன வார்த்தை, வலது பக்கம் அதற்கு இங்கிலீஷ். "நெஞ்சு கரிக்குது" என்பதற்கு நேரே மட்டும் அசிடிட்டி என்று எழுதி முடித்துவிடாதே. சொன்னவர் வயதானவர், சர்க்கரைக்காரர் என்றால் வேர்த்ததா, கை வலிக்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்று கேட்டு, உடனே ஸ்டாஃபிடம் சொல்லு. ஈ.சி.ஜி. எடுக்கட்டும்.