தூக்கத்தில் மடங்கிய கால்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ஐந்து மாதமாக வலது காலை அசைக்க முடியவில்லை என்கிறாள். இரண்டு முறை எம்.ஆர்.ஐ. எடுத்தோம், நரம்புப் பரிசோதனையும் செய்தோம், எல்லாம் நார்மல். நரம்பியல் மருத்துவர் ஏதோ 'செயல்பாட்டுக் கோளாறு' என்று சொல்லி, பிசியோதெரபிக்கும் மனநல மருத்துவரிடமும் போகச் சொன்னார். ஆனால் ராத்திரி போர்வையை விலக்கிப் பார்த்தால் தூக்கத்தில் அதே காலை மடக்குகிறாள். போனில் வீடியோ எடுத்து அவள் சித்தியிடமும் அண்ணனிடமும் காட்டினேன். அவர்களும் நடிப்பு என்கிறார்கள். இதை எப்படி நிறுத்துவது?
– பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் அந்த வீடியோவுக்கு வருகிறேன். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். பெற்ற மகள் அசந்து தூங்கும்போது போர்வையை விலக்கி, போனைக் கையில் வைத்துக்கொண்டு கால் மடங்குகிறதா என்று காத்திருந்திருக்கிறீர்கள். ஒரே ராத்திரியில் சிக்கியிருக்காது. எத்தனை ராத்திரி? அப்புறம் அதை வீட்டில் சுற்றுக்கு விட்டாயிற்று. இன்னும் பார்க்காத ஒரே ஆள் அவள்தான்.

சரி, கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக நினைக்கிறீர்களே, எதைப் பிடித்தீர்கள்? நடிப்பவர்களும் தூக்கத்தில் காலை மடக்குவார்கள், மருத்துவர் சொன்ன செயல்பாட்டுக் கோளாறு, அதாவது உறுப்பு நன்றாக இருந்தும் அதை இயக்குவது தடுமாறும் நோய், உள்ளவர்களும் மடக்குவார்கள். நரம்பும் தசையும் நன்றாக இருக்கின்றன என்பதைத் தவிர அந்த வீடியோவில் வேறு எதுவும் இல்லை. அதைத்தான் மருத்துவர் ஏற்கெனவே சொல்லிவிட்டாரே.

இது புதிதும் இல்லை. 1908-லேயே சார்லஸ் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு சோதனையை எழுதி வைத்திருக்கிறார். நோயாளியைப் படுக்கவைத்து, அசைக்க வராத காலின் குதிகாலுக்கு அடியில் மருத்துவர் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். 'இந்தக் காலைக் கீழே அழுத்துங்கள்' என்றால் மருத்துவரின் கையில் அழுத்தமே தெரியாது. 'அது இருக்கட்டும், மற்றக் காலைத் தூக்குங்கள்' என்று சொல்லி, அந்தக் காலை இன்னொரு கையால் தடுப்பார். நோயாளியின் கவனம் தூக்குகிற காலுக்குப் போகும். அந்த நொடியில், வராத காலின் குதிகால் மருத்துவரின் உள்ளங்கையை நன்றாக அழுத்தும். இன்று விஷயம் தெரிந்த மருத்துவர்கள் இதை நோயாளிக்கே செய்து காட்டுகிறார்கள், 'பாருங்கள், பாதை அடைபடவில்லை, கால் திரும்பி வர வழியிருக்கிறது' என்று. நீங்களும் அதே மாதிரி ஒன்றைத்தான் பார்த்தீர்கள். அவர்கள் நம்பிக்கை கொடுக்கக் காட்டுவதை, நீங்கள் குற்றம் சாட்டக் காட்டியிருக்கிறீர்கள்.

படிக்கட்டில் இறங்கும்போது ஒவ்வொரு காலடியையும் உற்றுப் பார்த்துக்கொண்டு இறங்கிப் பாருங்கள். தானாக நடந்த வேலை தடுமாறும். இந்தக் கோளாறில் அது பல மடங்கு. காலை நினைத்து அசைக்க முயன்றால் வராது, நினைப்பு வேறெங்காவது போனால் கொஞ்சம் வரும். வேண்டுமென்று செய்வதல்ல. அப்படியிருக்க, உங்கள் வீட்டில் காலையில் எழுந்ததிலிருந்து எல்லோர் கண்ணும் அந்த ஒரு காலின் மேல்தான். நோய் எதில் வளருமோ அதையே ஊட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பெயர் வேண்டுமென்றால், ஒரு காலத்தில் ஹிஸ்டீரியா என்றார்கள், பிறகு கன்வர்ஷன். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்-5 என்ற நோய்ப் பட்டியல் இதை உடல் அறிகுறிக் கோளாறுகளோடு சேர்க்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 என்ற பட்டியல் மனப்பிரிகைக் கோளாறுகளோடு (நினைவு, உணர்வு, அசைவு எல்லாம் ஒன்றோடொன்று சேராமல் பிரிந்துபோகும் கோளாறுகள்) சேர்க்கிறது. எந்தப் பட்டியலில் இருந்தாலும் நோய் நோய்தான். ஒன்று மட்டும் உங்களுக்கு உபயோகப்படும்: மனதில் ஒரு அடி விழுந்திருந்தால்தான் இந்த நோய் என்று சொல்லலாம் என்ற பழைய நிபந்தனையை 2013-ல் வந்த டி.எஸ்.எம்-5 எடுத்துவிட்டது. ஆகவே 'உனக்கு என்ன குறை வைத்தோம், யார் என்ன சொன்னார்கள்' என்ற விசாரணையையும் தொடங்காதீர்கள். சொல்ல ஏதாவது இருந்தால் மனநல மருத்துவரிடம் சொல்லட்டும். உங்களிடம் சொல்ல மாட்டாள், இந்த ஐந்து மாதத்துக்குப் பிறகு ஏன் சொல்ல வேண்டும்?

நான் பழைய காலத்து ஆள். வீட்டில் ஒருத்திக்கு முடியவில்லை என்றால் முதலில் நம்புவதுதான் வீட்டாரின் கடமை என்று நினைக்கிறவள். சந்தேகப்பட வெளியே எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அந்த வேலையைத் தாய் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? ஒரு வார்த்தை 'வலிக்கிறதா, பயமாக இருக்கிறதா' என்று கேட்டதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

இன்றைக்கே வீடியோவை அழியுங்கள். எடுத்ததை அவளிடம் நீங்களே சொல்லுங்கள், சித்தி வாய் வழியாகத் தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள். சித்தியையும் அண்ணனையும் அழைத்து, அவள் காதுபட, 'நான் சொன்னது தப்பு' என்று சொல்லுங்கள். மானம் போகிறது என்றால் போகட்டும். மூன்றாவது எம்.ஆர்.ஐ. வேண்டாம். புதிதாக வேறு அறிகுறி வந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தக் கோளாறைப் புரிந்தவர் தருகிற பிசியோதெரபி, கவனத்தைத் திருப்பிவிட்டு அசைவைப் பழக்குவது, அதுதான் இதற்கு முக்கியமான மருந்து. நாள் தள்ளத் தள்ளக் குணமாவது கடினம்.

அந்தப் பிசியோதெரபிக்கு நாள் குறித்தாகிவிட்டதா? உங்கள் கடிதத்தில் வீடியோவைப் பற்றி இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.