மாரத்தானுக்காகத் தூக்கத்தைக் குறைக்கலாமா?

கேள்வி: வயது 41. அலுவலக வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள். முதல்முறையாக முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. வேறு நேரம் கிடைக்காததால் காலை 4 மணிக்கு எழுந்து வாரம் ஆறு நாள் ஓடுகிறேன். இரவு படுக்க 11.30 ஆகிவிடுகிறது. இரண்டு வாரமாக இடது கால் முன்னெலும்பில் வலி, பகலெல்லாம் அசதி. நிறுத்தாமல் சமாளிக்க முடியுமா டாக்டர்?

பதில்: முதலில் காலைப் பார்ப்போம், மற்றதெல்லாம் அப்புறம். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்பக்க ஓரமாகக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலு விரல் அகலத்துக்கோ அதற்கு மேலோ பரவலாக வலித்து, ஓட ஆரம்பித்து உடம்பு சூடானதும் வலி குறைகிறது என்றால், பெரும்பாலும் அது எலும்பை ஒட்டிய சவ்வும் தசையும் இழுபடுவதால் வருவதுதான், ஓட்டத்தைக் குறைத்தால் சில வாரங்களில் அடங்கிவிடும். ஆனால் விரல்நுனி அளவு ஒரே இடத்தில் சுரீரென்று வலித்தால், ஓட ஓட வலி கூடினால், படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். இன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது சகஜம், எம்ஆர்ஐ தேவைப்படலாம். அதனால் 'எக்ஸ்ரே நார்மல்' என்றதும் மறுநாளே ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே வேண்டாம்.

சரி, நேரத்துக்கு வருவோம். நீங்கள் தூங்குவது வெறும் நாலரை மணி நேரம், உங்கள் அசதிக்கு முதல் காரணம் அதுவாகத்தான் இருக்கும். மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே ஓட்டத்துக்குப் பழகிவிடும், எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும், அதுவும் ஓடும்போது இல்லை, ஓய்வெடுக்கும்போதும் தூங்கும்போதும்தான் அவை தேறுகின்றன. ஆகவே ஏழு மணி நேரத் தூக்கத்தை முதலில் ஒதுக்குங்கள், மிச்சமிருக்கும் நேரத்தில் ஓட்டம்.

முதல் மாரத்தானை நல்லபடியாக ஓடி முடிக்க வாரம் மூன்று நாள் போதும். வேலை நாட்களில் இரண்டு தடவை 40, 50 நிமிடம், விடுமுறை நாளில் ஒரு நீண்ட ஓட்டம். அதையும் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். நீண்ட ஓட்டம் மெல்ல மெல்ல 28, 30 கிலோமீட்டர் வரை போகும், அன்று நாலு மணி நேரம் வீட்டுப் பொறுப்பு முழுக்க இன்னொருவர் தலையில்தான் விழும், அதை இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் விட்டதுதான், மறுநாள் சேர்த்து ஓட வேண்டாம். காய்ச்சல் இருந்தால் ஓடவே கூடாது, இதயத் தசை வீங்கும் ஆபத்து உண்டு.

40 தாண்டியவர் என்பதால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஈசிஜி தேவையா என்று உங்கள் மருத்துவர் சொல்வார். ஓடும்போது நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வலியில்லாமல் 20 கிலோமீட்டர் ஓட முடியவில்லை என்றால், 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று அமைப்பாளர்களிடம் கேளுங்கள். 42.195 கிலோமீட்டரை அடுத்த வருடம் ஓடிக்கொள்ளலாம்.