எலுமிச்சை ஓடிவிடும், வெட்டிவேர் நிற்கும்

கேள்வி: அக்கா, எலுமிச்சை, லாவெண்டர் எண்ணெய்களைக் கலந்து வீட்டிலேயே சென்ட் செய்தேன். பஸ் ஏறி மண்ணடியில் இறங்குவதற்குள் வாசனை போய்விடுகிறதே? - வாசகி, ராயபுரம்

பதில்: எலுமிச்சையின் குணமே அதுதான் தங்கச்சி, சட்டென்று ஆவியாகிவிடும். அடியில் பிடித்து நிறுத்த வெட்டிவேர் எண்ணெய் வேண்டும். 10 மில்லி ஜொஜோபா எண்ணெய்க்கு (தோலில் பூசும் ஒரு விதை எண்ணெய்) வெட்டிவேர் 4 சொட்டு, லாவெண்டர் 8, எலுமிச்சை 3. வெட்டிவேர் எண்ணெய் தேன் மாதிரி கெட்டி. பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டு லேசில் விழாது. பொறுமையில்லாமல் உதறி, பாதி பாட்டிலைக் கொட்டியவள் நான்! வண்ணாரப்பேட்டை வீடு ஒரு வாரம் நனைந்த வெட்டிவேர்த் தட்டி மாதிரி மணந்தது. அப்புறம், கலந்த உடனே முகர்ந்து முடிவு கட்டாதே. இறுக மூடி 2 வாரம் இருட்டில் வை. எலுமிச்சை எண்ணெய் பட்ட தோலில் வெயில் பட்டால் சிவந்து எரியலாம். துணி மறைக்கும் இடத்தில் பூசிக்கொள்.